பைண்டர் கடையிலிருந்து

வக்கீல் தொழிலில் நாம் கழித்த ஆண்டுகளில், நியாயஸ்தலத்தைக் காட்டிலும் வக்கீல்கள் கூடும் அறையிலேயே மனித சுபாவத்தை அதிகமாகக் கற்றோம். கட்சிக்காரர் வராத மத்தியான வேளைகளில் நண்பர்கள் அங்கே மனம்விட்டுப் பேசுவார்கள். ஒருவருக்குத் தம் ஜில்லாவின் பழைய ஏரிகளைப் பற்றி ஒரு நூல் எழுதவேண்டுமென்று ஆசை. மற்றொருவருக்குச் சங்கீதத்தில் பித்து. வீணையை முறையாகப் பயில வேண்டுமென்பார். மூன்றாமவர் கிராமத்துக்குத் திரும்பிப் புது முறையில் பயிர் செய்யப் போவதாகச் சொல்வார். எல்லோரும் அடுத்த கோடை விடுமுறையில் தொடங்குவதாகவே இருந்தார்கள். கோடை விடுமுறைகள் பல வந்தன; பல போயின. ஏரிகளைப் பற்றிய நூலின் முதல் வரி எழுதப்படவில்லை. வீணைக்கு உறை தைத்தாயிற்று, உறையை எடுத்தபாடில்லை.

அவர்கள் சோம்பேறிகளல்லர். பிறருடைய வழக்கென்றால் இரவெல்லாம் கண்விழித்துப் படிப்பவர்கள். தமது ஆசைக்கு மட்டும் அவர்களுக்கு நேரமில்லை. காரணம் கேட்டால் குடும்பம் என்பார்கள், பணம் என்பார்கள், வயது என்பார்கள். இவை யாவும் மெய்யே. ஆயினும் இவற்றின் அடியில் மற்றொன்று ஒளிந்திருந்தது. அதுதான் அச்சம். கற்றவனென்று பெயரெடுத்த பிறகு கல்லாதவனாக மறுபடியும் முதற்படியில் நிற்க அஞ்சினார்கள். கதவைத் தட்டி இல்லையென்று சொல்லக் கேட்பதற்கு அஞ்சினார்கள். நாமும் அந்த அறையில் அமர்ந்து சில விடுமுறைகளைத் தள்ளிப் போட்டவர்களே. ஆதலின் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அனுபவமாகவே சொல்லுகிறோம்.

இந்த அச்சத்தை வென்ற ஒருவருடைய சரித்திரத்தை இன்று வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் படைத்தலைவரல்லர், ராஜ்யங்களை ஸ்தாபித்தவரல்லர். லண்டன் நகரத்தில் ஒரு கொல்லனுக்குப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்று, பின்னர் உலகத்துக்கு மின்சாரத்தை வசப்படுத்திக் கொடுத்த மைக்கேல் பாரடே என்பவர் அவர். அவர் பிறந்த நாடு நம்மை நெடுங்காலம் ஆண்ட நாடுதான். ஆனால் அந்த நாட்டின் பிரபுக்களுக்கும் அவருக்கும் இருந்த தூரம், நமக்கும் அவர்களுக்கும் இருந்த தூரத்துக்கு அதிகமாகக் குறைந்ததன்று. ஏழையின் மகனுடைய சரித்திரம் எந்த நாட்டு ஏழைக்கும் சொந்தமே.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி பாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ், வடக்கேயிருந்து பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்த கொல்லர், நோயாளி. குடும்பம் ஒரு வண்டிக் கொட்டகையின் மேல்மாடியில் குடியிருந்தது. 1801-ல் தானிய விலை ஏறியபொழுது, பையனுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டியே கிடைத்ததென்றும், அதை வைத்துக்கொண்டு ஏழு நாளும் கழிக்கவேண்டியிருந்ததென்றும் சரித்திரக்காரர் எழுதுகின்றனர். பள்ளிப்படிப்பென்றால் எழுத்தும் கூட்டலும் கழித்தலும், அவ்வளவே. தெருவே அவனுக்கு மற்றப் பள்ளிக்கூடம்.

1804-ல், பதின்மூன்றாம் வயதில், பையன் ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். அந்நாளில் லண்டனில் பத்திரிகையின் விலை அதிகம். ஆகவே கடைக்காரர்கள் பத்திரிகையை வாடகைக்கு விடுவது வழக்கம். ஒரு வீட்டில் கொடுத்து, அவர்கள் படித்து முடித்தபின் வாங்கி, அடுத்த வீட்டில் சேர்ப்பது மைக்கேலின் வேலை. ஒரு பிரதியைத் தெரு முழுவதும் படிக்கும் நம் ஊர் வழக்கத்தை அறிந்த பத்திரிகைக்காரராகிய நமக்கு, இந்தப் பத்திரிகைப் பையனிடத்தில் தனி அன்பு பிறப்பதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டு, அவனுடைய நேர்மையைக் கண்ட முதலாளி, வழக்கமாகப் பெறும் பணத்தை வாங்காமலே அவனை ஏழு வருஷ உடன்படிக்கையில் பைண்டு வேலைக்குச் சிஷ்யனாகச் சேர்த்துக்கொண்டார்.

பைண்டு செய்வதற்கு வந்த புத்தகங்களைத் தைப்பவன் படிக்கவேண்டுமென்று சட்டமில்லை. மைக்கேல் படித்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் ஒரு பாகம் தையலுக்கு வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை அவனைப் பிடித்துக்கொண்டது. மார்ஸெட் அம்மையார் ரஸாயன சாஸ்திரத்தைச் சம்பாஷணை ரூபமாக எழுதிய நூல் கைக்கு வந்தது, அதையும் படித்தான். படித்ததை அப்படியே நம்பிவிடவுமில்லை. சில பென்னிகளில் வாங்கக்கூடிய சாமான்களைக் கொண்டு, நூலில் சொன்னது மெய்தானா என்று தானே செய்து பார்த்தான். சிஷ்யகாலம் முடியும் வருஷத்தில், ஏழு அரைப்பென்னிச் செப்புக்காசுகளையும், அதே அளவாக வெட்டிய துத்தநாகத் தகடுகளையும், உப்புநீரில் நனைத்த காகிதத்தையும் மாறி மாறி அடுக்கி, ஒரு மின்கலத்தைச் செய்துவிட்டான். வாசகர்கள் கவனிக்க வேண்டும்: ஆசை வளர்வதற்குப் பொருள் வேண்டியிருந்தது ஏழு செப்புக்காசுகள்தாம்.

இதற்கிடையில் டேட்டம் என்பவர் தம் வீட்டில் மாலை வேளைகளில் விஞ்ஞானப் பிரசங்கங்கள் செய்வதாகக் கடை ஜன்னல் ஒன்றில் விளம்பரம் கண்டான். ஒரு பிரசங்கத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். சிஷ்யனுக்குச் சம்பளம் ஏது? தந்தை 1810-ல் இறந்துபோனார். மூத்த சகோதரன் ராபர்ட் தந்தையைப் போலவே கொல்லன். உலைமுன் நின்று சம்பாதித்ததிலிருந்து தம்பிக்கு ஷில்லிங் கொடுத்தவன் அவனே. பெரியோர்களின் சரித்திரங்களில் இத்தகைய சகோதரர்களுக்கு ஒரு வரிக்குமேல் இடம் கிடைப்பதில்லை. அந்த ஒரு வரி இல்லாவிடில் மற்ற வரிகளும் இல்லை.

பிரசங்கம் கேட்ட மைக்கேல் வெறுங்கையோடு திரும்பவில்லை. கேட்டதை எல்லாம் குறித்து, வீட்டில் விரிவாக எழுதி, கருவிகளின் படங்களை வரைந்து, தன் கையாலேயே பைண்டு செய்து வைத்தான். படம் வரைவதற்கு, கடையின் மாடியில் குடியிருந்த ஒரு பிரெஞ்சுச் சித்திரக்காரரிடம் கற்றுக்கொண்டான். இந்த ஏடுகளைக் கடைக்கு வந்த டான்ஸ் என்னும் கனவான் கண்டார். அவர் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினர். 1812-ஆம் ஆண்டில், அக்கழகத்தில் ஸர் ஹம்ப்ரி டேவி செய்த நான்கு பிரசங்கங்களுக்கு அவர் பையனை அழைத்துச் சென்றார்.

டேவி அக்காலத்தில் ஐரோப்பா முழுதும் புகழ்பெற்ற ரஸாயன சாஸ்திரி. அவருடைய பிரசங்கத்துக்கு நாளைக்கு வரப்போகும் வண்டிகளைக் கண்டே தெரு அஞ்சும். அந்தச் சீமான்களும் சீமாட்டிகளும் நிறைந்த சபையில், மேல்வரிசையில் கடிகாரத்துக்கு நேர் மேலே, இருபது வயதுள்ள பைண்டர் சிஷ்யன் ஒருவன் மடியில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். கீழே நின்று பேசியவருக்கு அது தெரியாது.

1812 அக்டோபரில் ஏழு வருஷமும் முடிந்தது. மைக்கேல் முழுத் தொழிலாளியானான். டி லா ரோஷ் என்ற வேறொரு பைண்டரிடம் கூலிக்கு அமர்ந்தான். இங்கேதான் அவனுடைய வாழ்க்கையின் சோதனை வந்தது. அந்தச் சோதனை வறுமையின் உருவத்தில் வரவில்லை. சௌகரியத்தின் உருவத்தில் வந்தது. புது முதலாளி முன்கோபி. ஆனால் பையனிடம் பிரியம் வைத்தார். தமக்குப் பிள்ளையில்லையென்றும், தம்மோடு இருந்துவிட்டால் தமக்குப் பின் உள்ளதெல்லாம் அவனுக்கே என்றும் சொன்னார். கொல்லன் மகனுக்கு லண்டன் பட்டணத்தில் சொந்தக் கடை! விதவையான தாய்க்கு முதுமையில் நிம்மதி! நமக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்திலும், பெரியவர்கள் கூடி ஆலோசித்தால், கடையை எடுத்துக்கொள் என்றுதான் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தீர்ப்பில் குற்றம் காணவும் முடியாது.

மைக்கேல் அந்தத் தீர்ப்புக்குத் தலைவணங்கவில்லை. ஆவேசமாகக் கடையை விட்டு ஓடவுமில்லை. பகலில் புத்தகம் தைத்துக்கொண்டே கடிதம் எழுதினான். முதற்கடிதம், சிஷ்யனாயிருந்த காலத்திலேயே, ராயல் சொஸைட்டியின் அக்கிராசனாதிபதி ஸர் ஜோஸப் பாங்க்ஸுக்கு எழுதியது. விஞ்ஞான சம்பந்தமான எந்த எளிய வேலையாயினும் வேண்டுமென்று கேட்டது. பதிலுக்காக அவர் வீட்டு வாயிலில் போய் விசாரித்தான். பதில் இல்லை என்று வாயிற்காவலன் சொல்லி அனுப்பிவிட்டான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். மறுப்பைக்கூடப் பொறுக்கலாம், பதிலின்மையைப் பொறுப்பது கடினம். மறுத்தவன் நம்மை ஒரு மனிதனென்று எண்ணியாவது மறுத்தான். பதில் சொல்லாதவனுக்கு நாம் இருப்பதே தெரியவில்லை. எத்தனையோ நல்ல இளைஞர்களின் ஆசை இத்தகைய வாயிற்படிகளிலேதான் மாண்டது. அந்த வாயிலிலிருந்து திரும்பி நடந்த மைக்கேலின் மனத்தில் என்ன ஓடிற்றென்று நாம் கற்பனை செய்யப்போவதில்லை. அவன் மறுபடி எழுதினான் என்பது மட்டும் நிச்சயம்.

இம்முறை டேவிக்கே எழுதினான். கடிதத்தோடு, அவருடைய பிரசங்கங்களைக் கேட்டு எழுதிய குறிப்புகளை, படங்களுடன், முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு நூலாகத் தன் கையால் பைண்டு செய்து அனுப்பினான். அவனிடம் பட்டமில்லை, சிபாரிசு செய்யப் பெரிய மனிதரில்லை. இருந்தது அந்தக் கைத்தொழில் ஒன்றே. எந்தத் தொழிலைவிட்டு வெளியேற ஆசைப்பட்டானோ அந்தத் தொழிலே அவனுக்குத் தூது சென்றது. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யும் வேலை மனோரதத்துக்கு விரோதி என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். அரைமனத்தோடு தைக்கப்பட்ட புத்தகமாயிருந்தால் அது டேவியின் மேஜையில் நின்றிராது.

டேவி 1812 டிசம்பர் 24-ஆம் தேதி அன்போடு பதில் எழுதினார். அடுத்த மாதம் நேரில் கண்டார். கண்டு என்ன சொன்னார்? பைண்டு வேலையைக் கைவிட வேண்டாமென்று சொன்னார். விஞ்ஞானம் உழைப்பவனுக்குக் கூலி கொடுப்பதில் கருமி என்று எச்சரித்தார். கழகத்தின் புத்தகங்களைப் பைண்டு செய்யும் வேலையை வாங்கித் தருவதாகவும் வாக்களித்தார். இரண்டாவது கதவும் மூடிற்று. மரியாதையோடு மூடிற்று என்பதே வித்தியாசம்.

சில வாரங்கள் சென்றன. ராயல் இன்ஸ்டிடியூஷனின் சோதனைச்சாலை வேலையாள் அங்கிருந்த கருவி செய்பவரை அடித்துவிட்டதால் வேலையிலிருந்து விலக்கப்பட்டான். ஒருநாள் இரவு, வீட்டில் படுக்கைக்குப் போகும் சமயத்தில், மைக்கேலின் கதவு தட்டப்பட்டது. வெளியே ஸர் ஹம்ப்ரி டேவியின் வண்டி. காலையில் வந்து காணும்படி ஒரு சீட்டு. 1813 மார்ச்சு 1-ஆம் தேதி மைக்கேல் பாரடே உதவியாளனாக நியமிக்கப்பட்டான். வாரத்துக்கு 25 ஷில்லிங் சம்பளம். உச்சிமாடியில் இரண்டு அறைகள். எரிக்க நிலக்கரியும் மெழுகுவர்த்தியும். வேலை, குப்பிகளைக் கழுவுவதும், கருவிகளைத் துடைப்பதும், பிரசங்க மேஜைக்குச் சாமான் சுமப்பதும். சொந்தக் கடைக்கு முதலாளியாகியிருக்கக் கூடியவன் சோதனைச்சாலைக்கு ஏவலாளானான்.

இது அதிர்ஷ்டமல்லவா என்று வாசகர் கேட்கலாம். அதிர்ஷ்டமே, மறுக்கமாட்டோம். அந்த வேலையாள் கைநீட்டாதிருந்தால் சரித்திரம் வேறாயிருக்கும். கதவைத் தட்டியவர்களுக்கெல்லாம் கதவு திறந்ததென்று சொல்லி இளைஞர்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. தட்டித் தட்டிக் கைசோர்ந்தவர்கள் அநேகர். ஆனால் அன்றிரவு டேவிக்கு ஆள் வேண்டியபொழுது, லண்டனில் இருந்த லட்சக்கணக்கான ஜனங்களில் அவருக்கு நினைவு வந்தது ஒரு பெயர்தான். அது, கேட்டவனுடைய பெயர்.

வேலை கிடைத்த மாத்திரத்தில் தைரியத்தின் அவசியம் தீர்ந்துவிடவில்லை. அதே வருஷம் அக்டோபரில் டேவி தம் மனைவியுடன் ஐரோப்பிய யாத்திரை புறப்பட்டார். பாரடே காரியதரிசியாகவும் சோதனை உதவியாளராகவும் உடன் சென்றார். புறப்படும் தருணத்தில் டேவியின் சொந்தப் பணியாள் வர மறுத்துவிட்டான். பாரிஸில் வேறு ஆளை அமர்த்தும்வரை அந்த வேலையையும் பார்க்கும்படி பாரடேயைக் கேட்டார்கள். வேறு ஆள் அமரவேயில்லை. டேவியின் மனைவி அந்தஸ்து பாராட்டுபவர். பாரடேயை வேலைக்காரனென்றே நடத்தினார். மனம் புண்பட்டு, எல்லாவற்றையும் விட்டு ஊருக்குத் திரும்பிவிடலாமாவென்று எண்ணியதை அவர் நண்பருக்கு எழுதிய கடிதங்களால் அறிகிறோம். ஆயினும் திரும்பவில்லை. அதே யாத்திரையில்தான் பாரிஸில் ஆம்பியரையும், மிலானில் முதல் மின்கலம் கண்ட முதியவர் வோல்டாவையும் கண்டார். பள்ளிக்கூடம் காணாதவருக்கு ஐரோப்பாவே சர்வகலாசாலையாயிற்று. 1815 ஏப்ரலில் லண்டன் திரும்பினார்.

சுயமரியாதை உள்ளவன் அவமதிப்பைப் பொறுக்கலாமா என்று நம் வாசகர்களில் சிலர் சினங்கொள்ளக்கூடும். அந்தச் சினம் நமக்கும் உண்டு. எல்லா அவமதிப்பையும் பொறுப்பது அடிமைத்தனம், சந்தேகமில்லை. ஆனால் தான் எதற்காக வந்தோம் என்பதை மறவாதவன், வழியில் குத்தும் முள்ளுக்காகப் பிரயாணத்தை நிறுத்துவதில்லை. எங்கே பொறுப்பது, எங்கே நிமிர்ந்து நிற்பது என்று பகுத்தறிவதுதான் முக்கியம். பாரடே நிமிரவேண்டிய இடத்தில் நிமிர்ந்தார் என்பதை இனிக் காண்போம்.

1821 செப்டம்பரில், மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும்படி பாரடே செய்து காட்டினார். இன்று நம் வீடுகளில் சுழலும் விசிறிக்கு அதுவே மூதாதை. ஆனால் உடனே ஒரு பழி எழுந்தது. வொல்லாஸ்டன் என்ற பெரியவருடைய கருத்தை அவர் திருடிவிட்டார் என்று பேசினார்கள். குப்பி கழுவியவன் தானே கண்டுபிடித்திருப்பான் என்று சீமான்களுக்கு நம்பிக்கை வரவில்லை போலும். பாரடே ஒளியவில்லை; வொல்லாஸ்டனையே நேரில் சந்தித்து விளக்கினார். 1823-ல் பாரடேயை ராயல் சொஸைட்டிக்கு அங்கத்தினராக்க நண்பர்கள் பெயர் கொடுத்தபோது எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அப்போது அக்கிராசனாதிபதியாயிருந்தவர் டேவி. பெயரை வாபஸ் வாங்கிக்கொள்ளும்படி தம் பழைய உதவியாளரிடம் சொன்னார் டேவி. தாம் கொடுத்த பெயரல்லவாதலால் தாம் வாபஸ் வாங்க முடியாதென்று பாரடே பதில் சொன்னார். 1824 ஜனவரி 8-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு.

உதவி செய்தவரே குறுக்கே நிற்கும்போது நிமிர்வதுதான் எல்லாவற்றிலும் கடினமான தைரியம். பகைவனை எதிர்க்க ரத்தம் கொதித்தால் போதும். உபகாரியை எதிர்க்க நிதானம் வேண்டும். பாரடே அடங்கவுமில்லை, நன்றி மறக்கவுமில்லை. 1829-ல் டேவி இறந்த பின்னரும், வாழ்நாள் முழுதும், தமக்குக் கதவு திறந்தவரென்று அவரை மதிப்போடு பேசிவந்தார். அபிப்பிராயபேதம் வந்தால் பழைய நன்றியையும் சேர்த்து எரித்துவிடும் பழக்கமுள்ள பொது வாழ்க்கைக்காரர்களாகிய நாம், இதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இனி அவருடைய பெரிய மனோரதத்துக்கு வருவோம். மின்சாரம் காந்தசக்தியை உண்டாக்குகிறதென்பதை டென்மார்க்கு தேசத்து ஏர்ஸ்டெட் 1820-ல் காட்டினார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரத்தைப் பெறலாகாதா? இக்கேள்வியைப் பாரடே 1822-ல் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இடையிடையே சோதனைகள் செய்தார், தோல்வி. ராயல் சொஸைட்டிக்காகத் தூரதிருஷ்டிக் கண்ணாடி செய்யும் வேலை அவருடைய பல வருஷங்களை விழுங்கிற்று. கேள்வி மட்டும் அழியவில்லை.

1831 ஆகஸ்டு 29-ஆம் தேதி, சுமார் ஆறு அங்குல அகலமுள்ள ஓர் இரும்பு வளையத்தை எடுத்தார். அதன் ஒரு பக்கத்தில் கம்பியைச் சுற்றி மின்கலத்தோடு இணைத்தார். மறுபக்கத்தில் வேறு கம்பியைச் சுற்றி, அதை ஒரு காந்த ஊசியின் மேலாகச் செலுத்தினார். இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடவில்லை. மின்கலத்தை இணைத்த கணத்தில் ஊசி துள்ளிற்று, பின் அடங்கிற்று. இணைப்பைத் துண்டித்த கணத்தில் மறுபடி துள்ளிற்று. அதுவரை விஞ்ஞானிகள் யாவரும், அசையாது நிற்கும் காந்தத்திலிருந்து இடையறாத மின்னோட்டம் வரவேண்டுமென்று எதிர்பார்த்துக் காத்திருந்தனர். மாறுதல் நிகழும் கணத்தில்தான் அது பிறக்கிறதென்பதைப் பாரடே கண்டார். அக்டோபர் 17-ஆம் தேதி, கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தத்தைத் தள்ளி இழுத்தே மின்சாரம் உண்டாக்கினார். சில நாள் கழித்துப் பெருங்காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தகடொன்றைச் சுழற்றி, இடையறாத மின்னோட்டம் பெற்றார். நிற்கும் காந்தம் எத்துணை வலியதாயினும் பயனில்லை, நகரவேண்டும். ஆசையும் அவ்வாறே என்று சொன்னால் வாசகர்கள் நம்மை மன்னிப்பார்கள்.

1932-ல் நீலகிரியின் பைக்காரா நீரிலிருந்து மின்சாரம் பிறந்தது இந்தத் தத்துவத்தால்தான். அணை நீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் காந்தத்துக்கும் கம்பிக்கும் இடையே அசைவை உண்டாக்க, அந்த அசைவு விளக்காகி எரிகிறது. நம் கிராமத்துக் கிணற்றில் பம்பு ஓடும்போதெல்லாம் அந்த ஆறு அங்குல இரும்பு வளையம் உள்ளே மறைந்திருக்கிறது.

புகழ் வந்தது, அதோடு செல்வமும் வாயிற்படியில் நின்றது. வியாபாரிகளுக்கும் வழக்காளிகளுக்கும் ரஸாயனப் பரிசோதனை செய்து கொடுப்பதில் மட்டும் 1830-ல் அவருக்குச் சுமார் ஆயிரம் பவுன் வந்தது. கழகம் கொடுத்த சம்பளமோ வருஷத்துக்கு நூறு பவுனும் வீடும்தான். ஆராய்ச்சிக்கும் இந்த வருமானத்துக்கும் ஒரே நாளில் இடமில்லையென்று கண்டதும், வியாபாரப் பரிசோதனைகளை அநேகமாகக் கைவிட்டார். கலங்கரை விளக்கங்களுக்கு ஆலோசகராக 1836 முதல் நெடுநாள் உழைத்தார். கப்பலோட்டிகளின் உயிர் சம்பந்தப்பட்டதல்லவா? ராயல் சொஸைட்டியின் அக்கிராசனம் வந்தது, வேண்டாமென்றார். ஸர் பட்டமும் வேண்டாமென்றார். கடைசிவரை வெறும் மைக்கேல் பாரடேயாகவே இருக்க விரும்பினார்.

ஏழ்மையில் ஆசையைக் காப்பாற்றுவது ஒரு தைரியம்; சௌகரியம் வந்தபின் காப்பாற்றுவது அதனினும் பெரிது. 1812-ல் ஒரு பைண்டர் கடையை மறுத்தவரே பிற்காலத்தில் பட்டத்தையும் பணத்தையும் மறுத்தார். இரண்டும் ஒரே மறுப்புத்தான். முதலாவதைச் செய்திராவிடில் இரண்டாவதற்குப் பழக்கம் ஏற்பட்டிராது.

குறைகளும் அவருக்கு இருந்தன. கணிதம் தெரியாது, சிறுவயதில் கற்பிப்பார் இல்லாத குறை இறுதிவரை தீரவில்லை. காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் பரவியிருப்பதாக அவர் மனக்கண்ணால் கண்டதைப் பண்டிதர் பலர் மதிக்கவில்லை. கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் இளைஞர் பின்னால் வந்து அந்தக் கோடுகளைக் கணிதமாக்கினார். அதிலிருந்து வானொலி வரையில் விரிந்தது. 1839-க்குப் பின் அதிக உழைப்பால் பாரடேயின் உடல்நலம் குலைந்தது, ஞாபகம் தடுமாறிற்று, சில வருஷங்கள் பெரும்பாலும் ஓய்விலே கழிந்தன. மீண்டும் எழுந்து 1845-ல், ஒளியின்மீது காந்தத்துக்குச் சக்தியுண்டென்று காட்டினார். அதற்கு உதவியது எது? பல வருஷங்களை விழுங்கிய அந்தக் கண்ணாடி வேலையில் செய்த கனமான கண்ணாடித் துண்டு ஒன்றுதான். வீணாய்ப் போயிற்றென்று நினைத்த காலம் வட்டியோடு திரும்பி வந்தது.

தமக்குக் கிடைத்த கதவை அவர் பிறருக்கும் திறந்து வைத்தார். 1820-களில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களிலும், கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கென்று நடந்த பிரசங்கங்களிலும் அவர் பல வருஷம் பேசினார். ஒரு மெழுகுவர்த்தி எரிவதை வைத்துக்கொண்டே ரஸாயன சாஸ்திரம் முழுவதையும் குழந்தைகளுக்குக் காட்டியது பிரசித்தம். கடிகாரத்துக்கு மேலே உட்கார்ந்து குறிப்பெழுதிய பையனை, கீழே பேசும் இடத்துக்கு வந்தபின்னும் அவர் மறக்கவில்லை. 1858-ல் விக்டோரியா ராணியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் கொடுத்த வீட்டில் அந்திமகாலத்தைக் கழித்து, 1867 ஆகஸ்டு 25-ஆம் தேதி, நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். ஆடம்பரமில்லாத அடக்கமே அவர் விருப்பம், அவ்வாறே நடந்தது.

இச்சரித்திரத்திலிருந்து நாம் கொள்ளவேண்டியது என்ன? மனோரதத்தைப் பின்பற்றும் தைரியமென்பது, வேலையை விட்டெறிந்து ஒரே தாண்டலில் அக்கரை சேர்வதென்று இளைஞர்களில் பலர் எண்ணுகின்றனர். அப்படித் தாண்ட முடியாததால், தமக்குத் தைரியமில்லையென்று முடிவு செய்து உட்கார்ந்துவிடுகின்றனர். பாரடே ஒரு நாளும் தாண்டவில்லை. ஏழு செப்புக்காசில் தொடங்கினார். பதில் வராத கடிதத்துக்குப் பிறகு இன்னொரு கடிதம் எழுதினார். கிடைத்த சிறிய இடத்தைச் சிறிதென்று எண்ணாமல் ஏற்றார். பெரிய இடம் வந்தபோது அதில் மயங்காமலிருந்தார். இவற்றில் எதுவும் சாதாரண மனிதனுடைய சக்திக்கு மேற்பட்டதன்று. எதுவும் எளிதுமன்று.

இன்னும் ஒன்று உண்டு. அது ஆசையுள்ள இளைஞர்களுக்கன்று, நமக்கு. இப்பத்திரிகையை வாசிப்பவர்களில் பலர் சங்கங்களை நடத்துகிறவர்கள். பள்ளிக்கூடங்களையும் ஆபீஸ்களையும் மேற்பார்ப்பவர்கள். நாலுபேர் தேடிவரும் இடத்தில் இருப்பவர்கள். நம் மேஜைமேல் கடிதங்கள் கிடக்கின்றன. கையெழுத்து நன்றாயிராத கடிதம்; பட்டமில்லாதவனுடைய கடிதம்; எந்த எளிய வேலையாயினும் வேண்டுமென்று கேட்கும் கடிதம். ஸர் ஜோஸப் பாங்க்ஸ் கெட்டவரல்லர், கீர்த்தி பெற்ற விஞ்ஞானி, காரியங்கள் அதிகமுள்ளவர். ஆயினும் பாரடேயின் சரித்திரத்தில் அவருக்குக் கிடைத்த இடம், பதில் இல்லை என்று சொல்லியனுப்பிய வாயிற்படி. அண்ணன் ராபர்ட்டுக்குக் கிடைத்த இடம் ஒரு ஷில்லிங்.

ஷில்லிங் கொடுக்க எல்லோராலும் முடியாது. பதில் எழுத எல்லோராலும் முடியும். இதை எழுதி முடித்ததும், நமது மேஜையில் இரண்டு வாரமாகக் கிடக்கும் கடிதங்களை எடுக்கப்போகிறோம். வாசகர்களும் தத்தம் மேஜையைப் பார்ப்பார்களென்று நம்புகிறோம். மேஜையில் கடிதமொன்றும் இல்லாதவர்கள், தாம் எழுதாமல் வைத்திருக்கும் கடிதத்தை இன்றே எழுதட்டும். கோடை விடுமுறைக்கு இன்னும் நாளிருக்கிறது.